திண்ணையில் வைத்த பார்சல் திருடு போனால் என்ன தண்டனை?

கேள்வி: தேவகோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பெரிய வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் மகன் எனக்கு வேண்டியதை ஆன்லைனில் ஆர்டர் போட்டு அனுப்புவான். போன மாதம் அனுப்பிய செல்போன், விலை 14,000 ரூபாய், என் கைக்கு வரவில்லை. கேட்டால் திண்ணையில் பெட்டி இருக்கிற படத்தைக் காட்டி, டெலிவரி ஆகிவிட்டது என்கிறார்கள். எதிர் வீட்டுக் கேமராவில் தெருக்கோடிப் பையன் ஒருவன் சைக்கிளை நிறுத்திவிட்டு எங்கள் வீட்டுப் பக்கம் வருவது தெரிகிறது. பதினாறு, பதினேழு வயது இருக்கும். அதற்கு முன்னால் ஒரு தைலப் பார்சல் பக்கத்துப் பங்காளி வீட்டுக்குப் போய்விட்டது. பிரித்துவிட்டோம் என்கிறார்கள், திருப்பித் தரவில்லை. விரைவுத் தபாலில் வர வேண்டிய செக் புக்கும் வரவில்லை. பட்டுவாடா ஆகிவிட்டதாகக் காட்டுகிறது. அமெரிக்காவில் இருக்கும் மகள், அங்கே இதற்கு ஐந்து வருஷம் ஜெயில் என்கிறாள். இங்கே ஸ்டேஷனில் ‘பார்சல்தானே ஆச்சி’ என்று அனுப்பிவிட்டார்கள். நம் நாட்டில் இதற்குத் தண்டனையே கிடையாதா? பையன் படத்தைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

ஆச்சிக்கு வணக்கம். தண்டனைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தச் செக் புக். கடிதத்தில் அதைக் கடைசியாகச் சொல்லியிருக்கிறீர்கள், எனக்கோ அதுதான் பெரிய கவலை. நாளைக் காலையில் வங்கி திறந்ததும் போய், அந்தப் புத்தகத்தில் உள்ள எந்தச் செக்குக்கும் பணம் கொடுக்கக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள். செக் எண்கள் உங்களுக்குத் தெரியாவிட்டாலும் வங்கியில் பதிவு இருக்கும். எழுதிக் கொடுத்ததன் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரை இல்லாமல் வீடு திரும்ப வேண்டாம்.

இப்போது சட்டம். உங்களைப் பொறுத்தவரை மூன்றும் ஒன்றுதான், வர வேண்டியது வரவில்லை. சட்டம் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கும். காணாமல் போன நேரத்தில் பொருள் யார் பொறுப்பில் இருந்தது என்பதுதான் அது கேட்கும் முதல் கேள்வி. அதற்குக் கிடைக்கிற பதிலை வைத்துத்தான் எந்தப் பிரிவு, எத்தனை வருஷம், போலீஸ் நேரடியாக விசாரிக்கலாமா கூடாதா என்பதெல்லாம் முடிவாகும். ஸ்டேஷனில் நீங்கள் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எழுதும்போது மூன்று தனிப் புகார்களாக எழுதுங்கள்.

உங்கள் மகள் சொன்னது சரி. அமெரிக்காவில் மத்தியச் சட்டத்தின் 18ஆம் தலைப்பு, 1708ஆம் பிரிவின்படி தபாலைத் திருடினால் ஐந்து வருஷம் வரை சிறை. ஆனால் அது அந்நாட்டு அஞ்சல் துறை வழியாக வரும் தபாலுக்குத்தான். தனியார் கூரியர் வாசலில் வைத்துவிட்டுப் போகிற பெட்டி பெரும்பாலும் அந்தந்த மாநிலச் சட்டத்தில் வரும், மாநிலத்துக்கு மாநிலம் தண்டனையும் மாறும்.

நம் நாட்டிலும் தபாலுக்கென்று தனித் தண்டனை இருந்தது. 1898ஆம் வருஷத்து இந்திய அஞ்சல் அலுவலகச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தபாலைத் திருடும் அஞ்சல் ஊழியருக்கு ஏழு வருஷம் வரை சிறை என்றது. 2023இல் வந்த ஜன் விஸ்வாஸ் சட்டம் அந்தப் பழைய சட்டத்தில் இருந்த குற்றப் பிரிவுகளை எல்லாம் எடுத்துவிட்டது. அப்புறம் 2024 ஜூன் 18 முதல் புதிய அஞ்சல் அலுவலகச் சட்டம் நடைமுறைக்கு வந்து, பழையது முழுவதுமாகப் போய்விட்டது. புதியதில் தபால் திருட்டுக்கு என்று ஒரு பிரிவு கிடையாது. இது தெரியாமல் இன்னமும் 52ஆம் பிரிவைப் போட்டுப் புகார் எழுதித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி யாராவது எழுதித் தந்தால் வாங்காதீர்கள்.

அதனால் தண்டனையே இல்லை என்று ஆகிவிடாது. தபாலோ கூரியரோ, எல்லாமே இப்போது பொதுவான குற்றவியல் சட்டத்துக்குள் வருகின்றன. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. உங்கள் மூன்று சம்பவங்களும் அந்தத் தேதிக்குப் பிறகு நடந்தவை. அதனால் திருட்டுக்கு ‘379, 380’ என்று நாம் கேட்டுப் பழகிய பழைய பிரிவு எண்கள் இங்கே பொருந்தாது.

செல்போனை எடுத்துக்கொள்வோம். திண்ணையில்தானே கிடந்தது, உங்கள் கையில் தரவில்லையே, அது எப்படித் திருட்டு ஆகும் என்று யாராவது கேட்டால் அதற்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. திருட்டை விளக்கும் பிரிவில் 1860இல் இருந்தே இரண்டு மோதிர உதாரணங்கள் உண்டு. ஒருவர் குடியிருக்கும் வீட்டில் மேசை மேல் கிடக்கும் மோதிரம் அவர் வசம் இருப்பதாகவே கணக்கு, அதை எடுத்தால் திருட்டு. யார் வசமும் இல்லாமல் பெருவழியில் கிடக்கும் மோதிரத்தை எடுத்தால் அது திருட்டு ஆகாது, வேறு குற்றமாக வேண்டுமானால் ஆகலாம். உங்கள் பெயரை ஒட்டி உங்கள் வீட்டு எல்லைக்குள் வைத்த பெட்டி, மேசை மேல் மோதிரத்தைப் போலத்தான். நீங்கள் இரண்டாம் கட்டில் இருந்ததும், வாசலில் கூப்பிட்டது காதில் விழாததும் அதை மாற்றாது.

இதற்கு 303(2)ஆம் பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒருமுறை திருட்டுக்காகத் தண்டனை பெற்றவர் மறுபடி மாட்டினால் குறைந்தது ஒரு வருஷம், ஐந்து வருஷம் வரை கடுங்காவல், கூடவே அபராதம். இதில் ஒரு புது விஷயமும் இருக்கிறது. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, முதல்முறையாகத் தண்டிக்கப்படுகிறவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், அவருக்குச் சிறை கிடையாது. சம்பளம் இல்லாமல் ஊருக்குப் பயன்படும் வேலை செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவு போடும், அதைச் சமூக சேவை என்கிறது சட்டம். சின்னத் திருட்டுக்கு ஒருவரை ஜெயிலில் போட்டுப் பெரிய திருடனாக்குவதைவிட இது எவ்வளவோ நல்லது என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் அந்த 5,000 ரூபாய்க் கோட்டுக்கு இன்னொரு விளைவும் உண்டு. அதற்குக் கீழே உள்ள அந்த வகைத் திருட்டில் போலீஸ் தானாக விசாரணை நடத்த முடியாது, நீதித்துறை நடுவரின் உத்தரவு வேண்டும். ‘பார்சல்தானே’ என்று உங்களிடம் சொன்னவர் மனதில் இது இருந்திருக்கலாம். உங்கள் செல்போன் 14,000 ரூபாய், அதனால் அந்தப் பேச்சு இங்கே எடுபடாது. புகாரில் விலையை எழுதி, மகனிடம் இருந்து பில்லை வாங்கி முதல் இணைப்பாக வையுங்கள்.

அடுத்தது இடம். நம் பக்கத்து வீடுகளில் இது சாதாரண விஷயம் இல்லை. 305ஆம் பிரிவு, மனிதர் குடியிருக்கும் கட்டிடத்துக்குள்ளோ, பொருளைப் பாதுகாப்பாக வைக்கும் கட்டிடத்துக்குள்ளோ நடக்கும் திருட்டுக்கு ஏழு வருஷம் வரை சிறையும் அபராதமும் சொல்கிறது. அங்கே 5,000 ரூபாய்ச் சலுகை கிடையாது. சரி, திண்ணை என்பது வீட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?

நீங்கள் அனுப்பிய டெலிவரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, தேக்குத் தூணின் அடிப்பாகம், அதை ஒட்டி அட்டைப் பெட்டி. பெட்டியின் மேல் கம்பிக் கதவின் நிழல் கட்டம் கட்டமாக விழுந்திருக்கிறது. கதவு பெட்டிக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று அந்தப் படத்தை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. தெருவோடு திறந்து கிடக்கும், யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து எழுந்து போகிற வெளித் திண்ணை என்றால், அது கட்டிடத்துக்குள் வராது என்று எதிர்த்தரப்பு வாதாட இடம் இருக்கிறது. கம்பிக் கதவு போட்டு அடைத்த முகப்புக்குள்ளே பெட்டி இருந்தது என்றால், 305ஐக் கேட்க உங்களுக்கு நல்ல நியாயம் உண்டு. அதனால் நீங்களே அந்த இடத்தில் நின்று, தெருவில் இருந்து ஒன்று, உள்ளே இருந்து ஒன்று என்று படம் எடுங்கள். கம்பிக் கதவு அன்றைக்குச் சாத்தியிருந்ததா, வெறுமனே தள்ளி வைத்திருந்ததா என்பதையும் எழுதுங்கள். பெரிய பிரிவு விழட்டும் என்று வெளியே இருந்ததை உள்ளே இருந்ததாக எழுதிவிடாதீர்கள், ஆச்சி. பொய்த் தகவல் தருவதும் குற்றம்தான், அதோடு உங்களுடைய உண்மையான வழக்கும் அதனாலேயே கெட்டுப் போகும்.

ஒருவேளை பெட்டி டெலிவரி வண்டியில் இருந்தோ, பைக்கில் கட்டிய மூட்டையில் இருந்தோ எடுக்கப்பட்டிருந்தால் அதுவும் 305தான், ஏழு வருஷம் வரை. டெலிவரி செய்ய வந்தவரே படம் எடுத்துவிட்டுப் பெட்டியைத் திரும்ப எடுத்துப் போயிருந்தால் அது நம்பிக்கை மோசடி. சரக்கைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பில் இருப்பவருக்கு 316(3)இல் ஏழு வருஷம் வரை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு பையன் மேல் கண் வைத்துவிட்டதால் மற்ற வழிகளைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது. படம் எடுத்த நேரம் என்ன, பையன் வந்த நேரம் என்ன, அந்த இடைவெளியில் வேறு யார் வந்தார்கள் என்பதை எல்லாம் கேமராவில் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தக் கேமராப் பதிவு ரொம்ப நாள் நிற்காது. பழையதன் மேல் புதியது பதிவாகி அழிந்துவிடும். எதிர் வீட்டுக்காரரிடம் இன்றைக்கே பேசி, குறிப்பிட்ட சில நிமிடங்களை மட்டும் இல்லாமல் அந்த நாள் முழுப் பதிவையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கோர்ட்டில் அதைச் சாட்சியமாக வைக்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63(4)ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் வேண்டும். கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் ஒரு பகுதியிலும், நிபுணர் ஒருவர் இன்னொரு பகுதியிலும் கையெழுத்துப் போட வேண்டும். அது போலீஸ் விசாரணையில் நடக்கும். உங்கள் பங்கு, பதிவு அழியாமல் பார்த்துக்கொள்வதும், அதை வெட்டி ஒட்டாமல் வைத்திருப்பதும்தான்.

பில்லில் செல்போனின் ஐ.எம்.இ.ஐ. எண், அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண், இருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் விற்றவரிடம் கேட்டு வாங்கலாம். போலீஸ் புகார் நகலோடு, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைத் தடை செய்யலாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கி வைத்திருப்பவருக்கும் 317(2)இல் மூன்று வருஷம் வரை சிறை உண்டு. மலிவாகக் கிடைத்தது என்று வாங்கியவரிடம் இதைச் சொன்னால் போதும், பல போன்கள் தானாக வெளியே வரும்.

ஸ்டேஷனில் புகாரை வாங்க மறுத்தால் என்ன செய்வது? எழுத்தில் கொடுங்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். மின்னஞ்சலிலும் புகார் தரலாம், மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். பதிவு செய்தால் நகல் இலவசம். ஸ்டேஷன் அசையவில்லை என்றால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4)இன் கீழ் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் புகார் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லை என்றால் நடுவர் நீதிமன்றத்தில் மனு. இந்த வரிசையைத் தாண்டி நேராகக் கோர்ட்டுக்குப் போக வேண்டாம்.

கம்பெனியையும் விடக் கூடாது. ஆளைக் கூப்பிட்டுக் கொடுக்காமல், ஓ.டி.பி. கேட்காமல் பெட்டியை வைத்துவிட்டுப் போனது சேவைக் குறைபாடு என்பது என் கருத்து. 2020ஆம் வருஷ மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. அடுத்து, சிவகங்கையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. பணம் கட்டியது மகனாக இருந்தாலும், அவர் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்த இருந்த நீங்களும் சட்டப்படி நுகர்வோர்தான். திருடன் கிடைக்கிறானோ இல்லையோ, 14,000 ரூபாய் திரும்பி வர இந்த வழிதான் சீக்கிரம் பலன் தரும்.

பங்காளி வீட்டு விஷயம் வேறு. தெருவில் பாதி வீடுகளுக்கு முன்னெழுத்துகள் ஒன்று போலவே இருக்கும்போது, தவறிக் கொடுப்பதும் தவறிப் பிரிப்பதும் நடக்கக்கூடியதுதான். பிரித்தது குற்றம் இல்லை. உங்களுடையது என்று தெரிந்த பிறகும் வைத்துக்கொண்டதுதான் குற்றம். 314ஆம் பிரிவில் இதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது: வழியில் கிடைத்த கடிதத்துக்குள் பண நோட்டு இருக்கிறது, முகவரியைப் படித்து யாருடையது என்று தெரிந்துகொண்ட பிறகும் ஒருவன் எடுத்துக்கொள்கிறான், அவன் குற்றவாளி. பழைய சட்டத்தில் இதற்கு வெறும் அபராதத்தோடு விட்டுவிட முடியும். புதிய சட்டத்தில் குறைந்தபட்சம் ஆறு மாதம், அதிகபட்சம் இரண்டு வருஷம், அபராதமும் சேர்த்து. வீடு பொது, முகப்பு பொது என்று அவர்கள் சொன்னாலும், உங்கள் பெயரில் வந்த தைலம் பொது ஆகாது.

ஆனாலும் இதற்குப் போலீஸ் தானாக விசாரிக்க முடியாது, ஒரு தைலப் பாட்டிலுக்காகப் பங்காளிகளை ஆறு மாதச் சிறை வரை இழுப்பதை நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ஏழு நாளுக்குள் பொருளையோ விலையையோ தரச் சொல்லி, விரைவுத் தபாலில் பதிவு வசதியோடு ஒரு கடிதம் போதும். அதற்கும் மசியவில்லை என்றால் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987ஆம் வருஷச் சட்டம் தரும் உரிமை அது. இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசி முடிப்பார்கள்.

இனி செக் புக். தபால் நிலையத்தில், யாரிடம், எந்தத் தேதியில், யார் கையெழுத்தில் பட்டுவாடா ஆனது என்று எழுத்தில் கேளுங்கள். தபால்காரர் மேல் சந்தேகம் என்று எடுத்த எடுப்பில் எழுதாதீர்கள். பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கலாம், வாட்ச்மேன் வாங்கி எங்காவது வைத்திருக்கலாம். வேறு யாரோ உங்கள் பெயரைச் சொல்லி, நீங்கள்தான் என்று நம்ப வைத்து வாங்கியிருந்தால் அது ஆள்மாறாட்ட மோசடி, 319(2)இல் ஐந்து வருஷம் வரை. ஊழியரே எடுத்திருந்தால், அவர் பொது ஊழியர் என்பதால் 316(5): பத்து வருஷம் வரை, ஆயுள் தண்டனை கூடத் தரலாம். அப்புறம், எடுத்தது யாராக இருந்தாலும், அந்தச் செக்கில் உங்கள் கையெழுத்தைப் போட்டால் 338ஆம் பிரிவு, மதிப்புள்ள ஆவணத்தைப் போலியாக உருவாக்குவது. அதற்கும் ஆயுள் அல்லது பத்து வருஷம் வரை. வெறும் காகிதமாக இருக்கும்வரை அதன் விலை சில ரூபாய், கையெழுத்து விழுந்ததும் கதையே வேறு. வங்கிக்கு முதலில் போகச் சொன்னது இதனால்தான். அடுத்த செக் புக்கைக் கிளையிலேயே நேரில் வாங்கிக்கொள்ளுங்கள். விரைவுத் தபாலில் முக்கியமானது எதையாவது யாராவது அனுப்புவதாக இருந்தால், கூடுதல் கட்டணம் கட்டி ஓ.டி.பி. சொன்னால்தான் கொடுக்கும்படி அனுப்பச் சொல்லுங்கள்.

கடைசியாக, அந்தப் பையன். அவன் வாசலுக்கு வந்தது கேமராவில் இருக்கிறது என்கிறீர்கள். பெட்டியோடு திரும்பிப் போனது இருக்கிறதா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. பந்து எடுக்க வந்திருக்கலாம், நிழலுக்கு ஒதுங்கியிருக்கலாம். அவன்தான் எடுத்தான் என்றே வைத்துக்கொண்டாலும், 18 வயது ஆகாதவன் என்றால் மேலே சொன்ன எந்தச் சிறைத் தண்டனையும் அவனுக்குப் பொருந்தாது. 2015ஆம் வருஷ இளைஞர் நீதிச் சட்டம்தான் பேசும். இந்த மாதிரிக் குற்றத்தில் சிறுவன் தனியாக ஈடுபட்டிருந்தால் எஃப்.ஐ.ஆர். கூடப் போட மாட்டார்கள். ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் பதிந்து, அவன் குடும்பச் சூழ்நிலை பற்றிய அறிக்கையோடு, சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்புவார்கள். அறிவுரை சொல்லி அனுப்புவது, சமூக சேவை, பெற்றோருக்கு அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பு, அதிகபட்சமாகச் சிறப்பு இல்லத்தில் மூன்று வருஷம் என்று குழுமம் முடிவு செய்யும். பின்னாளில் அவன் வேலைக்குப் போக இது தடையாக இருக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. சாதாரணத் திருட்டு வழக்கு என்றால் உடைமையாளர் சமாதானமாக முடித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. போனைத் திருப்பிக் கொடுத்தால் விட்டுவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றினால், அதை வெளியே பேசி முடிக்காமல் ஸ்டேஷனிலோ குழுமத்திலோ சொல்லுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போடாதீர்கள். குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் சிறுவனின் பெயர், படம், முகவரி எதையும் வெளியிடக் கூடாது என்று அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அவன் எடுக்கவில்லை என்று தெரிந்தால் அவதூறு வழக்கும் உங்கள் மேல் வரும். ஏற்கெனவே யாருக்காவது அனுப்பியிருந்தால் உடனே அழித்துவிடச் சொல்லுங்கள். அந்தப் பதிவு போய்ச் சேர வேண்டிய இடம் ஸ்டேஷன் மட்டும்தான்.